எம்-சாட்டுக்குப் போகும் முன் காது ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்

எம்-சாட் என்பது குழந்தைக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கப் பெற்றோரிடம் கொடுக்கும் கேள்வித்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்று 18 மாதக் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், முதலில் கேட்பது காது ரிப்போர்ட். அது இல்லாததால் எங்களுக்கு ஒரு நாள் வீண். சீட்டு போட்டவர் அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

அந்த ரிப்போர்ட்டுக்காகக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். எண்ணெய்த் தலையில் அது நிற்காது. குழந்தை அசைந்தாலும் பதிவு கெட்டுவிடும், அதனால் தூக்கத்தில்தான் எடுப்பார்கள். பஸ்ஸிலேயே தூங்கி, வாசலில் முழித்துக்கொண்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், வழியில் கண்ணயர விடாதீர்கள். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், பாலை எப்போது நிறுத்துவது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்-சாட் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு. 20 கேள்வி, ஐந்து நிமிட வேலை. ஆனால் தப்பு நடப்பதே இங்கேதான். "ஆமாம்" போட்டால் நல்லது என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போகாதீர்கள். 2, 5, 12ஆம் கேள்விகளுக்கு "இல்லை"தான் நல்ல பதில்: காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம், கண்ணருகே விரலை விசித்திரமாக ஆட்டுவது, மிக்ஸி மாதிரி வீட்டுச் சத்தத்துக்கு மிரள்வது. நல்ல பதில் அல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்; அது குறைவாக இருப்பதுதான் நல்லது. நாங்கள் இந்த மூன்றிலும் சறுக்கி 3 வாங்கினோம். 3 முதல் 7 வரை என்றால் மறுபடி உட்கார்ந்து விளக்கமாகக் கேட்பார்கள். 8 அல்லது அதற்கு மேல் போனால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். எப்போதோ ஓரிரு தடவை செய்ததற்கு "இல்லை" என்றே போடுங்கள். தாத்தா பாட்டிக்கு இது மனசு வராது.

6, 7 இரண்டையும் நிதானமாகப் படியுங்கள். பிஸ்கட் டப்பா பக்கம் உங்கள் கையைப் பிடித்து இழுப்பது சுட்டிக்காட்டுவது ஆகாது. ஒற்றை விரலை நீட்டிக் கேட்டால் 6. ஜன்னலில் காக்கா உட்கார்ந்திருக்கிறது; குழந்தைக்கு அது வேண்டாம், நீங்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒற்றை விரலை நீட்டிக் காட்டுகிறதா, அது 7. அம்மாவின் கவனம் வேறு எங்கோ இருக்கிறது, அதைத் திருப்ப முடியும் என்று குழந்தை புரிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்டுவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

முதல் கேள்வியை வீட்டில் சோதிக்கும்போது, அறையின் மறுபக்கம் இருக்கும் பொம்மையைத் தூரத்திலிருந்தே காட்டுங்கள். பக்கத்தில் போய்த் தொட்டுக் காட்டினால் கணக்கில் வராது. ஒரு நிமிட வீடியோ போனில் இருந்தால் பதிலில் வாதமே வராது.

மறு விசாரிப்பில் எங்கள் 3, 0 ஆனது. இரண்டு வயது முடிந்ததும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.