சோளகக் காற்றும் மின்சாரச் சைக்கிளும்

கடந்த ஆடி மாதத்தில் ஒருநாள், நண்பர்கள் இருவருடன் மன்னாருக்குப் போகும் எண்ணத்தில் நாவற்குழிச் சந்தியில் இருந்து ஏ-32 வீதியால் புறப்பட்டேன். தனங்கிளப்பும் கேரதீவும் கடந்து சங்குப்பிட்டிப் பாலத்தை அடைந்தபோது, அன்றைய பயணத்தை அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வீதியில் பாலத்தின் சிறிய எழுச்சியைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்களை மறித்தது எதிரே வீசிய சோளகக் காற்று. என்னைவிடப் பத்து வயது இளையவர்களான நண்பர்கள் இரண்டு கிலோமீற்றருக்கு ஒருதடவை சைக்கிளை நிறுத்தி எனக்காகக் காத்திருந்தார்கள். ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. ஆயினும் 58 வயதும் வலது முழங்காலில் பழைய நோவும் உள்ள ஒருவன், பிறருடைய பயணத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்துகிறான் என்ற எண்ணம் வீடு திரும்பும் வரை என்னை விட்டகலவில்லை. மின்சாரச் சைக்கிளைப் பற்றி நான் முதன்முதலாகக் கருத்தூன்றி எண்ணத் தொடங்கியது அன்றுதான்.

என் மனத்தில் உள்ள நெடும்பயணம் ஒன்று உண்டு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே நடந்து, உகந்தையில் முருகனை வணங்கிக் குமனைக் காட்டுக்குள் புகுவார்கள். என் அப்பம்மா அவ்வாறு நடந்து போனவர். அந்த வழியைச் சைக்கிளில் தொடர்ந்து, காட்டுவழியை மட்டும் விட்டு, பொத்துவிலில் இருந்து மொனராகலை, புத்தல ஊடாகக் கதிர்காமத்தை அடைய வேண்டும் என்பது என் நீண்டநாள் விருப்பம். அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் தேவைப்படும். இத்தகைய பயணத்துக்கு மின்சாரச் சைக்கிள் உதவுமா, இடையூறாகுமா என்பதுதான் கேள்வி.

மின்சாரச் சைக்கிள் மலைநாட்டாருக்கே பயன்படும் என்று நம்மவரில் பலர் எண்ணுகிறார்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது தவறு என்று தெரிந்தது. நிமிர்ந்து அமர்ந்து, பின்கரியரில் பயணப்பைகளுடன், மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஒருவர் காற்றில்லாத நேரத்தில் ஏறத்தாழ 80 வாற்று வலுவைச் செலவிட்டால் போதும். அதே வேகத்தில் காற்று எதிரே வீசினால், உடல் எதிர்கொள்ளும் காற்றின் வேகம் இரண்டு மடங்காகிறது. காற்றுத்தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் நான்கு மடங்காகிறது. அப்போது தேவைப்படும் வலு 200 வாற்றைத் தாண்டிவிடும். பயிற்சி பெற்ற இளைஞர் அதைச் சில மணித்தியாலங்கள் தாங்குவார். என் வயதில் நாள் முழுவதும் தரக்கூடியது 80 முதல் 100 வாற்று வரைதான். மலையேற்றத்துக்கு மறுபுறம் இறக்கம் ஒன்று உண்டு. சோளகத்துக்கு இறக்கம் கிடையாது. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கில் இருந்து வீசிக்கொண்டே இருக்கும். பளைக்கு அருகே புலோப்பளையிலும், மன்னார்த் தீவில் 30 காற்றாடிகளுடன் 103.5 மெகாவாற்று வலுவில் அமைந்த தம்பபவனியிலும் காற்றாலைகளை நிறுவியதற்குக் காரணமான அதே காற்றைத்தான் நாங்கள் நெஞ்சில் ஏற்றுக்கொண்டு உழக்குகிறோம்.

ஆகவே எனக்குக் குறைவது ஏறத்தாழ 120 வாற்று. சந்தையில் உள்ள 250 வாற்று மோட்டார் ஒன்று அதைச் சிரமமின்றித் தரும். வீணாகும் சக்தியையும் சேர்த்துப் பார்த்தால், கடும் எதிர்க்காற்றில் ஒரு கிலோமீற்றருக்கு 9 அல்லது 10 வாற்று மணி (ஒரு வாற்று மணி என்பது ஒரு வாற்று வலு ஒரு மணித்தியாலத்தில் செலவிடும் சக்தி) பற்றரியில் இருந்து செலவாகும். 36 வோல்ற்று, 13 அம்பியர் மணி கொண்ட பற்றரியில் 468 வாற்று மணி இருக்கிறது. அது ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்குப் போதும். நான் ஒரு நாளில் போக எண்ணுவது 70 முதல் 80 கிலோமீற்றர். விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும். நாலரை மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணி வரை சொந்தக் கால்களாலேயே உழக்கி, காற்று எழுந்த பிறகு மட்டும் மோட்டாரின் உதவியைப் பெற்றால் ஒரே பற்றரியில் அந்த நாளை முடித்துவிடலாம். தொடக்கம் முதலே மோட்டாரை நம்பிப் புறப்படுபவருக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

பற்றரியை நிரப்ப எடுக்கும் மின்சாரம் அரை அலகைச் சற்றே தாண்டும். வீட்டுக் கிணற்றில் ஒரு குதிரைவலு மோட்டாரை அரை மணித்தியாலம் ஓட்டினால் ஆகும் செலவு அது. கோயில் மடத்திலோ, உறவினர் வீட்டிலோ, தேநீர்க் கடையிலோ கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்பட வேண்டிய அளவன்று. கடையென்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு எழும்புவதே முறை. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. சைக்கிளுடன் வரும் 2 அம்பியர் சார்ஜர் பற்றரியை நிரப்ப ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் எடுக்கும். 4 அம்பியர் சார்ஜர், அந்தப் பற்றரி அதனைத் தாங்கக்கூடியதாயின், ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிடும். மதிய வெயிலில் ஓய்வெடுக்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பழைய வீடுகளில் வட்டமுள் சொக்கற்றும் புதிய வீடுகளில் சதுரமுள் சொக்கற்றும் இருப்பதால் இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பு ஒன்றும் பையில் இருக்க வேண்டும்.

ஆனால் 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. பெற்றோல் வரிசையில் நின்று களைத்தவர்கள் மூலையில் கிடந்த சைக்கிள்களைத் துடைத்து எடுத்ததும் அதே ஆண்டில்தான். அந்தச் சைக்கிள்கள் எதையும் நம்பியிருக்கவில்லை. என் அச்சம் இங்குதான் தொடங்குகிறது: பற்றரி தீர்ந்த மின்சாரச் சைக்கிள் மீண்டும் ஒரு சைக்கிளாக இருக்குமா?

இதை அறிவதற்காக நண்பரின் மகனிடம் ஒன்றை இரவல் வாங்கி, அதே வீதியில் அதே காற்றில் ஓடிப் பார்த்தேன். பின்சில்லில் மோட்டார் பூட்டிய அந்த வண்டி, பற்றரியுடன் 25 கிலோகிராம் நிறை கொண்டது; என் சைக்கிளோ 15 கிலோகிராம்தான். நாவற்குழியில் இருந்து சங்குப்பிட்டி வரை மோட்டாரின் உதவியுடன், மூச்சு வாங்காமல், நண்பர்களோடு பேசிக்கொண்டே போனேன். முன்பு நான் திரும்பிப்போன இடத்தில் நின்று நீரேரியைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பாலத்தைத் தாண்டியதும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பூநகரிச் சந்தி வரை உழக்கினேன். திரும்பி வருகையில் காற்று முதுகில் தள்ளும் என்பதால், இந்தப் பகுதியில் செய்யும் சோதனையே உண்மையைச் சொல்லும். வண்டியின் மோட்டார் உள்ளே பற்சில்லுகளும் ஒருவழிச் சுழற்சியும் உடைய வகையாதலால், நிறுத்திய பிறகு அது சில்லை இழுத்துப் பிடிக்கவில்லை. மட்டமான தரையில் பத்துக் கிலோகிராம் கூடுதல் நிறை நான் அஞ்சிய அளவுக்கு உறைக்கவும் இல்லை. புறப்படும்போதும் மணலில் தள்ளும்போதும் மட்டுமே தெரிந்தது. வேகம் மணிக்கு 11 கிலோமீற்றராகக் குறைந்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்தேன். பற்சில்லு இல்லாத நேரடி மோட்டார்களில் காந்தத்தின் இழுவை எப்போதும் இருக்கும். அத்தகையதை நெடும்பயணத்துக்கு யாரும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பிறேக் பிடிக்கும்போது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பக் கிடைக்கும் என்ற விளம்பரம் எங்கள் மட்டநிலத்தில் பொருளற்றது.

என் முடிவைத் திசைதிருப்பியவர் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர். நாற்பது ஆண்டுகளாகச் சில்லுகளுக்குக் கம்பி கட்டுபவர். இரவல் வண்டியின் பின்சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், முன்சில்லெண்டால் நான் கட்டித் தருவன். இதிலை காத்துப் போனால் வயர் கழட்டி, நட்டுக் கழட்டி, செயினும் கழட்டவேணும். வெய்யிலுக்கை றோட்டிலை நிண்டு இதைச் செய்வியளோ?" என்று கேட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பயணத்தில் ரியூப் பழுதாவது பெரும்பாலும் பாரம் தாங்கும் பின்சில்லில்தான். மோட்டார் முன்சில்லில் இருந்தால் பின்சில்லு வழமையான சில்லாகவே இருக்கும். வழியில் உள்ள சிற்றூர்க் கடைக்காரரும் அதற்கு ஒட்டுப் போடுவார். மிதியச்சில் பூட்டும் மோட்டார் மலைக்கு மிகச் சிறந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதன் விசை முழுவதும் செயினூடாகப் போவதால் செயினும் பற்சில்லுகளும் விரைவில் தேய்கின்றன. அது பழுதானால் முல்லைத்தீவுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் யார் திறந்து பார்ப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனவே புதிய வண்டி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, என் பழைய இரும்புச் சைக்கிளின் முன்சில்லில் பற்சில்லு வகை மோட்டார் ஒன்றைப் பூட்டுவதென்று தீர்மானித்திருக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது, முன்சில்லைத் தாங்கும் கவையான போர்க். அலுமினியப் போர்க் இந்த வேலைக்கு ஆகாது. மோட்டார் சில்லை முன்னே சுழற்றும்போது அச்சைப் பின்னே முறுக்குகிறது. அச்சுத் தளர்ந்தால் வயரை அறுத்துக்கொண்டு சில்லு கழன்று விழும். இரும்புப் போர்க்கிலும் அச்சை இறுகப் பிடித்து, அந்த முறுக்கைப் போர்க்கின் தண்டுக்கு மாற்றும் இரும்புத் தகடு ஒன்று கட்டாயம் பூட்டப்பட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பொதிகள் சிலவற்றில் இந்தத் தகடு இருப்பதில்லை. அது இல்லாமல் யாரும் ஓட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ரொறன்ரோவில் உள்ள மச்சான், தான் ஓடாமல் வைத்திருக்கும் மின்சாரச் சைக்கிளை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவதாக அன்போடு சொன்னார். சைக்கிளைக் கொண்டுவரலாம், பற்றரியைக் கொண்டுவர இயலாது. 160 வாற்று மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் ஏற்ற முடியாது, பொதியிலும் ஏற்ற முடியாது. வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவருவதை எதிர்பார்த்திருக்கும் மற்றவர்களும் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

நம் வெயிலும் உப்புக்காற்றும் பற்றரிக்குப் பகை. ஓடி முடித்த சூட்டோடு சார்ஜ் ஏற்றாமல் நிழலில் ஒரு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். ஓடாத நாட்களில் முழுதாக நிரப்பி வைக்காமல் பாதியளவில் வைக்க வேண்டும். இணைப்பு முனைகளுக்கு கிரீஸ் பூச வேண்டும். மாரியில் வீதியை மூடி நிற்கும் வெள்ளத்துக்குள் மோட்டாரை இறக்கவே கூடாது.

மோட்டாரின் உதவியோடு போவது உண்மையான சைக்கிள் பயணமாகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது; நான் பல நாள் அதனோடு இருந்தேன். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதியைச் சுழற்றி, டைனமோ தந்த மூன்று வாற்று மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சைக்கிளில் இருந்து மின்சாரம் எடுத்தபோது அது சைக்கிள் அல்லாமல் போய்விடவில்லை. இன்று முழங்காலுக்குத் தேவையான மீதி வலுவைப் பற்றரியில் இருந்து பெற்றாலும், நான் மிதித்தால்தான் அது நகரும். முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு மீண்டும் ஏறும் உடல் என்னுடையதே. நண்பர்களோடு ஒரே வரிசையில் போவதை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

முன்சில்லு இப்போது கடையில் இருக்கிறது. தடித்த கம்பிகள் வந்து சேர்ந்துவிட்டன. தகட்டைப் பட்டறையில் அளவெடுத்து வெட்டுகிறார்கள். அடுத்த சோளகத்தில், பற்றரியை நிரப்பிக்கொண்டு, அதே இரு நண்பர்களுடன் மன்னார் வரை போகிறேன். வழியில் பழுதாகித் திரும்பினால் அதையும், போய்ச் சேர்ந்தால் எந்த இடத்தில் எத்தனை வாற்று மணி செலவாயிற்று என்பதையும் எழுதுவேன். கதிர்காமத்துக்கு நாள் குறிப்பது அதற்குப் பிறகுதான்.