படபடப்பு வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கிவிடாதீர்கள்

நெரிசலான பஸ்ஸில் நிற்கும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. ஓடிவந்து ஏறியதாலோ, வெறும் வயிற்றில் குடித்த காபியாலோ இருக்கலாம். மனசில் ஓடுவதோ "ஹார்ட் அட்டாக்கா?" என்பதுதான். அந்த நினைப்பு போதும், பயம் வந்துவிடும். அட்ரினலின் சுரக்கும், துடிப்பு இன்னும் ஏறும், மூச்சு வாங்கும். தேவைக்கு மேல் மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் நுனி மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு நினைப்பு இன்னும் உறுதியாகிறது. உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் விளக்கிய சுழல் இதுதான்.

என்னைக் கேட்டால், முடிச்சு இறுகுவது இதற்கப்புறம்தான். பாதியில் இறங்கிவிடுகிறோம், கொஞ்ச நேரத்தில் தணிகிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் தணிந்திருக்கும். பீதி பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாக வடியும். ஆனால் "இறங்கியதால் தப்பித்தேன்" என்று மனசு கணக்கு எழுதிவிடுகிறது. அடுத்த வாரம் பஸ்ஸே வேண்டாம் என்றாகிறது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாதது, நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, துணைக்கு ஆள் தேடுவது எல்லாமே அதே கணக்கில்தான் சேரும்.

முதலில் டாக்டரைப் பார்த்து இசிஜி, தைராய்டு, ரத்தசோகை சோதனைகளை முடித்துவிடுங்கள். சரியாக இருந்தால் அதோடு நிறுத்துங்கள். மனம் சமாதானமாக மாதாமாதம் இசிஜி எடுப்பதும் நாடி பார்ப்பது மாதிரிதான்.

பிறகு, பயந்தது நடக்கிறதா என்று சோதிக்க, அந்த உடல் உணர்வை நாமே வரவழைத்துப் பார்க்க வேண்டும். என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்: உதாரணமாக, "வேகமாக மூச்சுவிட்டால் மயங்கி விழுவேன்", நம்பிக்கை 80 சதவீதம். நின்றபடி 1 நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சுவிடுங்கள். கிறுகிறுக்கும். உட்காராதீர்கள், சுவரைப் பிடிக்காதீர்கள். என்ன நடந்தது, நம்பிக்கை இப்போது எத்தனை சதவீதம் என்று எழுதிவிட்டு, தணிந்ததும் மறுபடி செய்யுங்கள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

பலருக்கு இது பலிக்காமல் போவது, கிறுகிறுப்பு தொடங்கியதுமே 20 விநாடியில் நிறுத்திவிடுவதால். அங்கே நிறுத்தினால், "நல்லவேளை நிறுத்தினேன்" என்று பழைய கணக்கில் இன்னொரு வரி ஏறிவிடும். வீட்டில் பழகியதும் பஸ்ஸில் ஏறுங்கள், முதலில் இரண்டே ஸ்டாப். பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும்.