ஆக்ஸிமீட்டரும் நானும்

போன வாரம் மருந்து டப்பாவை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடியில் அது கிடந்தது. விரலைக் கவ்விப் பிடித்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுமே, அந்த ஆக்ஸிமீட்டர். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. குப்பையில் போடுவதற்கு முன்னால், வேலை செய்யாது என்று தெரிந்தே ஆள்காட்டி விரலில் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். 2020-இல் ஒரே நாளில் அதை 43 தடவை மாட்டியிருக்கிறேன். இது என் கணக்கு இல்லை, என் மகன் ஒரு நாள் முழுக்க எனக்குத் தெரியாமல் நோட்டில் கோடு போட்டு எண்ணிய கணக்கு.

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் டல்கோனா காபி, கபசுரக் குடிநீர், போலீஸ் போடச் சொன்ன தோப்புக்கரணம் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான். எனக்குக் கொரோனா வரவே இல்லை என்று பெருமையாகக்கூடச் சொல்வேன். வராத நோய்க்கு நான் பட்ட பாட்டைத்தான் வெளியில் சொன்னதில்லை.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மார்ச் 24 ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து 21 நாள் என்று சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷம்தான், காலையில் 5 மணிக்கு எழுந்து டப்பா கட்ட வேண்டாமே என்று. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவால் வர முடியாது, நாலு பேரும் மூன்று வேளையும் வீட்டில், நடுவில் டீ, பஜ்ஜி, சிங்க் ஒரு நேரமும் காலியாக இருக்காது. மகன் அப்போது பத்தாம் வகுப்பு. மார்ச் 27 தொடங்க வேண்டிய பரீட்சை தள்ளிப்போனது, பிறகு ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 15, கடைசியில் ஜூன் 9-ஆம் தேதி பரீட்சையே கிடையாது, எல்லாரும் பாஸ் என்றார்கள். அந்த இரண்டரை மாதமும் அவனும் நானும் முகத்தைப் பார்த்தாலே சண்டை.

ஆனால் என்னைச் சாய்த்தது இதெல்லாம் இல்லை, சாயங்காலக் கணக்கு. தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறை அன்றைய எண்ணிக்கையை வெளியிடும். தமிழ்நாட்டில் எத்தனை, சென்னையில் எத்தனை, இறப்பு எத்தனை. கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? ஒரு கிராப் நோட்டு எடுத்துப் போட ஆரம்பித்தேன். தேதி கீழே, எண்ணிக்கை பக்கவாட்டில், எத்தனை நாளில் இரட்டிப்பாகிறது என்று ஓரத்தில். தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம் என்று ஆரம்பத்தில் அது எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. மே 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். எங்கள் வீடு வில்லிவாக்கத்தில், தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர்கள் எல்லாரும் அங்கிருந்து சரக்கு எடுப்பவர்கள்தான். அந்த வாரம் கோடு நிமிர்ந்து ஏறத் தொடங்கியது. மாநகராட்சி மண்டல வாரியாகவும் எண்ணிக்கை போட்டது, அண்ணா நகர் மண்டலத்துக்கு என்று நான் தனியாகச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். ராத்திரி கண்ணை மூடினால் அந்தச் சிவப்புக் கோடு பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு. அந்த வாரத்தில்தான் எங்கள் கீழ்வீட்டு மாமாவுக்குப் பாசிட்டிவ். ஆம்புலன்ஸ் வந்தது, பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், வழியை மறித்துத் தகரம் அடித்தார்கள், கதவில் ஸ்டிக்கர். மாமா பதினோரு நாளில் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார், இப்போதும் காலையில் என்னைவிட வேகமாக வாக்கிங் போகிறார். படுத்தது நான்தான்.

ஆம்புலன்ஸ் வந்த அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி விழிப்பு வந்தது. மூச்சை இழுக்கிறேன், பாதிக்கு மேல் உள்ளே போக மாட்டேன் என்கிறது. விரல் நுனி மரத்துப்போய், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி, கை கால் வெடவெடக்கிறது. சரி, வந்துவிட்டது, என் பிள்ளைக்கு இனி யார் என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அரை மணி நேரத்தில் தானாகவே அடங்கியது. மறுநாள் காய்ச்சல் முகாமில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள், நெகட்டிவ். நம்பவில்லை. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை, அதுவும் நெகட்டிவ். அதற்குள் 1,900 ரூபாய் கொடுத்து ஆக்ஸிமீட்டர் வாங்கியாயிற்று.

98 காட்டும். அப்பாடா என்று இருக்கும், ஐந்து நிமிஷம். அப்புறம், ஒருவேளை சரியாக மாட்டவில்லையோ? மறுபடி. 97. ஏன் ஒன்று குறைந்தது? இடது கையில். 98. மோதிர விரலில் 96. போச்சு. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டுவேன், வீட்டில் பார்த்தால் திட்டுவார்கள் என்று. அடுப்பில் குக்கர் விசில் அடிக்க அடிக்க நான் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷனைக் குறைங்க" என்றார் டாக்டர். எந்தக் கடையில் குறைத்துத் தருவார்கள் என்று அவர் சொல்லவில்லை.

கூட வேலை பார்க்கும் சயின்ஸ் டீச்சர்தான் போனில் என் குரலை வைத்தே கண்டுபிடித்து, தனக்குப் பிரசவத்துக்குப் பிறகு இதே மாதிரி வந்தது, ஒரு மனநல மருத்துவரிடம் போனேன், நம்பர் தருகிறேன் பேசு என்றாள். எங்கள் ஊரில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஒரு பேச்சு உண்டு, சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1794-இல் தொடங்கி இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தின் பெயரை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம், நானே வகுப்பில் பையன்களிடம் அதைச் சொல்லிச் சிரித்தவள். மாமியார் தயங்கினார். "ஏம்மா, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" வீட்டுக்காரர், "போன்லதானேம்மா பேசப்போறா, யாருக்குத் தெரியும்" என்றார். ஊரடங்கு எனக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான். போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு மார்ச் 25-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. நேரில் போக வேண்டும் என்றிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை காட்டுது?"

"98."

"சரி. எத்தனை காட்டினா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 99 காட்டிய நாளும் நான் தூங்கவில்லை.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். பயத்தில் நாம் நமக்கே தெரியாமல் வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம், அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது, விரல் மரப்பதும் உதடு குறுகுறுப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். ஆக்ஸிஜன் அது பாட்டுக்கு நிறைய இருக்கும், மூச்சு போதவில்லை என்ற உணர்வு மட்டும் போகாது. அதைக் கொரோனா என்று நினைத்து இன்னும் பயந்து இன்னும் வேகமாக இழுப்போம். அந்த நேரத்தில் இழுக்காதே, மெதுவாக விடு என்றார். நோய் என் நுரையீரலில் இல்லை, பார்த்துப் பார்த்து உறுதி செய்துகொள்கிற அந்தப் பழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கிடைக்கிற அந்த ஐந்து நிமிஷ நிம்மதிதான் அடுத்த தடவைக்குத் தீனி.

மாத்திரை கொடுத்தார். தூக்க மாத்திரை இல்லை, பதற்றத்துக்கானது. முதல் சில நாள் வயிற்றைப் புரட்டியது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் நாலாம் நாளே நிறுத்தியிருப்பேன். ஆக்ஸிமீட்டர் வீட்டுக்காரரின் பீரோவுக்குப் போனது, காலை ஒன்று, ராத்திரி ஒன்று, அவ்வளவுதான். நியூஸ் ஒரு வேளை. கிராப் நோட்டைக் கிழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன், மாமியாரிடம் கொடுத்து வையுங்கள் என்றார். அவர் அதில் பால் கணக்கு எழுதினார்.

அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்த அறிவுரைகளுக்குக் கணக்கே இல்லை. பாசிட்டிவாக இருங்கள் என்று ஒன்று வரும், அந்த வார்த்தைக்கு அப்போது இருந்த அர்த்தம் அனுப்பியவருக்கு உறைக்கவில்லை போலும். கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்பார்கள். மூச்சைக் கவனித்துக் கவனித்துத்தான் நான் இந்தக் கதிக்கு ஆனேன்! எனக்குக் கை கொடுத்தது கோலம். காலையில் வாசலில் 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி. நெளிக்கோலத்தில் கோடு எங்கே திரும்புகிறது என்பதிலேயே கவனம் இருக்க வேண்டும், ஒரு சுற்று தப்பினால் மூடாது. எண்ணுகிற வியாதிக்கு எண்ணுகிற மருந்து. இன்னொருவருக்கு இது சரிப்படாமல் போகலாம், எனக்குச் சரிப்பட்டது.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி சாயங்காலம் 6 மணி. எஸ்.பி.பி. ஆஸ்பத்திரியில் இருந்தார், அந்த நேரத்தில் எல்லாரும் அவர் பாட்டைப் போட்டு அவருக்காகப் பிரார்த்தனை செய்யலாம் என்று சினிமாக்காரர்கள் கேட்டிருந்தார்கள். மாமியாரும் நானும் பால்கனியில் உட்கார்ந்தோம், எதிர்வீட்டில் ஒரு பாட்டு, மேல்வீட்டில் வேறொரு பாட்டு, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தெருவெல்லாம் அவர் குரல். ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, அன்றைய எண்ணிக்கையை நான் பார்க்கவே இல்லை. செப்டம்பர் 25-ஆம் தேதி அவர் போய்விட்டார். அழுதேன், நன்றாக அழுதேன், மூச்சு முட்டவில்லை.

இரண்டாம் அலையை நீட்ட மாட்டேன். 2021 மே மாதம், மாநிலத்தில் ஒரு நாளைக்கு 36,000-ஐத் தாண்டிய சமயம், மாமியாருக்கு வந்தது. ஆறாம் நாள் ஆக்ஸிமீட்டர் 92 காட்டியது. அதே சாதனம், அதே விரல் கவ்வி, அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது, ஏனென்றால் அவர் மூச்சுத் திணறல் எதுவும் இல்லாமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கைக்கு நாலு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டது நான், ஆம்புலன்ஸில் கூடப் போனது நான், என் கை நடுங்கவில்லை. நிஜ ஆபத்து வந்தபோது எனக்குப் பயப்பட நேரம் இருக்கவில்லை. ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்தார். என் மாத்திரையை அந்த வருஷக் கடைசியில் டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன்.

கொரோனாவின் முதல் வருஷத்தில் பதற்றமும் மனச்சோர்வும் உலகம் முழுக்க 25 சதவீதம் கூடியது என்று 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. அந்தக் கோட்டில் நானும் ஒரு புள்ளி. இப்போது 14416 என்று டெலி-மானஸ், மனநல உதவிக்கான அரசு எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. அன்றைக்கு 104 என்ற சுகாதார உதவி எண் இருந்தது, அது காய்ச்சல்காரர்களுக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக்ஸிமீட்டரைக் குப்பையில் போட்ட கதையை ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஊரடங்கில் தினமும் சாயங்காலம், எண்ணிக்கை வந்த கையோடு, அம்மாவைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்பேன்: காய்ச்சல் அடிக்குதா, வாசனை தெரியுதா, மூச்சு வாங்குதா. இ-பாஸ் இல்லாமல் ஊருக்குப் போக முடியாது, வேறு என்ன செய்வது.

"நல்லதாப் போச்சு, தூக்கிப் போடு" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வருஷம் சாயங்காலம் போன் அடிச்சாலே எனக்கு வயித்தைக் கலக்கும்டி. நான் தூங்குறேன்னு சொல்லச் சொல்லித் தம்பிகிட்ட போனைக் குடுத்துடுவேன்."

எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆறரை மணிக்கு அம்மாவுக்கு என்ன தூக்கம், அசதியும் ஒரு அறிகுறியாயிற்றே என்று அந்த நாட்களில் தம்பியை இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன்.