40 கிலோ சிப்பம்: நிலவிலும் தஞ்சாவூரிலும்

கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் பிடித்துத் தைத்த சிப்பத்தை நிலவுக்குக் கொண்டுபோனால் எடை என்ன? பள்ளிப் பாடத்தில் இது ஒரு வரிக் கணக்கு. கிலோகிராமில் உள்ள நிறையை அந்த இடத்தின் ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை நியூட்டனில் வந்துவிடும். நிலவில் முடுக்கம் 1.62 மீட்டர்/வினாடி², எனவே 40 × 1.62 = 64.8 நியூட்டன். செவ்வாயில் 3.71 போட்டால் 148.4. வியாழனின் மேகமட்டத்தில் 24.8, அதாவது 992. பூமிக்கு 9.8 வைத்தால் 392. சாக்கின் 580 கிராமையும் சேர்க்கச் சொன்னால் 40.58 கொண்டு பெருக்க வேண்டும்.

முடுக்கம் தராமல் கோளின் நிறையும் அளவும் மட்டும் தந்தால் முடுக்கம் GM/R². G ஈர்ப்பு மாறிலி, M கோளின் நிறை, R ஆரம். இங்கே சறுக்குவது இரண்டு இடங்களில். ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் விடை கால்பங்காகும். ஆரத்தைக் கிலோமீட்டரிலேயே விட்டால் பத்து லட்சம் மடங்கு ஊதிவிடும். செவ்வாய்க்கு 6.42×10²³ கிலோகிராம், 3.39×10⁶ மீட்டர் போட்டு, மேலே சொன்ன 3.71-ஐ ஒட்டி 3.73 வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எந்தத் தராசு என்று சொல்லாதவரை “நிலவில் எத்தனை கிலோ காட்டும்” என்ற கேள்விக்கு விடை இல்லை. இதைக் கேட்காமல் விடும் வினாத்தாள்கள் நிறைய. இரு தட்டுத் தராசில் படிக்கல்லும் சிப்பமும் ஒரே விகிதத்தில் இலேசாகின்றன, ஆகவே நிலவிலும் 40 கிலோதான். சுருள்வில் தராசு விசையை அளந்து, பூமியின் 9.8-ஆல் வகுத்த எண்ணை முகப்பில் எழுதியிருக்கிறது. 64.8-ஐ 9.8-ஆல் வகுத்தால் 6.6 கிலோ காட்டும். எலக்ட்ரானிக் தராசில் விசையை உணரும் பாகமான ‘லோடு செல்’ என்பதும் இதே சாதிதான். நெல் அளக்கும் மரக்காலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கொள்ளளவுக்கு ஈர்ப்பு ஒரு பொருட்டல்ல, தலைதட்டும் கைதான் பொருட்டு.

இதைப் பார்க்க நிலவு வரை போக வேண்டாம். பூமி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் முடுக்கம் 9.780, துருவத்தில் 9.832. தஞ்சாவூர் 10.8 பாகை வடக்கில் இருப்பதால் இங்கே ஏறத்தாழ 9.782. டெல்லியில் 9.791-க்குச் சற்று மேல். டெல்லியில் அளவு சரிசெய்த லோடு செல் தராசை அப்படியே டெல்டாவுக்குக் கொண்டுவந்து 40 கிலோ நெல்லை வைத்தால் 39.96 காட்டும். முகப்பில் 40 வரும்வரை கொட்டினால் சிப்பத்துக்கு 39 கிராம் கூடுதலாகப் போகும், நூறு சிப்பத்துக்கு 3.9 கிலோ. இழப்பு நெல் கொடுப்பவருக்கு.

ஆனாலும் களத்தில் இதைவிடப் பெரிய குற்றவாளி சாய்ந்த தரை. மேடைக்குச் செங்குத்தாக விழும் விசையை மட்டுமே லோடு செல் உணர்கிறது. ஈர மண்ணில் ஒரு கால் அமிழ்ந்து மேடை 3 பாகை சாய்ந்தால் 40 கிலோவில் 55 கிராம் குறையும். இதுவும் நெல் கொடுப்பவர் தலையில்தான். தராசில் உள்ள நீர்மட்டக் குமிழியைப் பார்க்காமல் ஈர்ப்பு முடுக்கத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சரிபார்ப்பது எளிது. தராசைக் கெட்டியான பலகையில் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்படி கால்களைத் திருகவும். மின்சாரம் கொடுத்துச் சில நிமிடம் விட்டு, பூஜ்யம் வந்தபின் முத்திரையுள்ள 20 கிலோ படிக்கற்கள் இரண்டை நடுவில் வைக்கவும். 40.00 வர வேண்டும். பிறகு ஒரு கல்லை நான்கு மூலைக்கும் மாற்றிப் பார்க்கவும். மூலைக்கு மூலை வேறு எண் வந்தால் கோளாறு லோடு செல்லிலோ மேடை பொருத்தத்திலோதான் இருக்கும், ஈர்ப்பில் அல்ல. மூலைகள் ஒத்துப்போய், எடை கூடக் கூட அதே விகிதத்தில் எல்லாம் குறைவாகக் காட்டினால் வேறு ஊரின் முடுக்கத்தில் சரிசெய்த தராசாக இருக்கலாம். அந்த அமைப்பை நாமே திறக்கக் கூடாது. முத்திரை உடைந்துவிடும். உரிமம் பெற்ற பழுதுநீக்குபவர் இங்கேயே படிக்கல் வைத்துச் சரிசெய்த பின் மறுமுத்திரை வாங்க வேண்டும். கல்லின் நிறை ஊருக்கு ஊர் மாறாததால், 9.782 என்ற எண்ணை அவர் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை.