கதவைத் திறப்பவரின் முதுகு

கோயம்புத்தூரில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒன்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டு. இப்போது வாரத்தில் மூன்று நாள், மதியத்துக்கு மேல், ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்திலும் டியூட்டி பார்க்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்பதால் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்: "சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. அப்பாவ வீட்லயே வச்சுப் பாக்கறதா, ஹோம்ல சேத்தறதா?"

பெரும்பாலும் இந்தக் கேள்வி வருவது டிஸ்சார்ஜ் அன்றைக்கு. இடுப்பெலும்பு உடைந்தோ, பக்கவாதம் வந்தோ அப்பா கட்டிலில் கிடப்பார். மகனுக்கு மூன்று நாள்தான் லீவு. பில் கட்டும் இடத்தில் நின்றுகொண்டே அவர் வாழ்க்கையின் மிச்சத்தை முடிவு செய்தாக வேண்டும். கட்டிலில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் மருந்து மயக்கத்தில் அவரால் என்ன சொல்ல முடியும்?

ஒரு வீட்டுக்குள் நுழையும்போது கதவைத் திறப்பவரைத்தான் முதலில் பார்ப்பேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா, காலையில் ஏதாவது சாப்பிட்டாரா. அந்த வீட்டில் முதுமை எப்படி நடக்கிறது என்பதை அந்த முகம் சொல்லிவிடும். அது மனைவி, மகள், மருமகள் என்று ஏறக்குறைய எப்போதும் ஒரு பெண்ணின் முகம்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு வீடு. பெரியவர் மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது 78. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு நன்றாகவே இருந்தது. அவர் மனைவி, அந்த அம்மாவுக்கு 71, சர்க்கரை உண்டு. ஒரே மகன் பெங்களூரில். நான் போனபோது பெரியவரின் முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு முடிகிற இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்குப் படுக்கைப் புண்.

படுக்கைப் புண் வந்தால் பார்த்துக்கொண்டவரைக் குறை சொல்வது நம் வழக்கம். அந்த அம்மாவும் என்னிடம் முதலில் சொன்னது, "நான் நல்லாத்தானுங்க பாத்தேன்" என்பதுதான். எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவோம். சொல்வது சுலபம். அப்படியென்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. வார்டில் நாங்கள் இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று, அடியில் விரித்த துணியைப் பிடித்துத் தூக்கித் திருப்புவோம். ஒற்றை ஆளாக இழுத்தால் தோல் படுக்கையில் உரசி, புண் இன்னும் பெரிதாகும். 71 வயதில் தனியாக அதை ஏழு மாதம் செய்திருக்கிறார் அவர். நடுவில் எழுந்து தன் சர்க்கரை மாத்திரையைப் போட மறந்த ராத்திரிகளும் உண்டு.

படுக்கைப் புண்ணுக்கான காற்று மெத்தை, அதாவது ஏர் பெட், வாங்க வைத்தேன். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்கவும், சாப்பிட்டதும் அரை மணி நேரம் அப்படியே இருக்க விடவும் சொல்லிக் கொடுத்தேன்; இல்லாவிட்டால் சோறு நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சலாகத் திரும்பி வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே ஆள் வந்தார்கள். பிபி, சர்க்கரை மாத்திரைகளும் வாசலுக்கு வந்தன. அந்தத் திட்டம் எத்தனை வீடுகளைத் தாங்கிப் பிடித்தது என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் நானும் சரி, அவர்களும் சரி, பகலில் வந்து போகிறவர்கள். ராத்திரி இரண்டு மணி அந்த அம்மாவிடமேதான் இருந்தது.

இல்லத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த அம்மா சொல்வார்: "ஹோம்ல உட்டுட்டான்னு ஊரு பேசும் அம்மிணி. அவுங்க இந்த வீட்டக் கல்லு கல்லாச் சேத்துக் கட்டினவுங்க." இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை. சொந்த வீட்டில் ஒரு முதியவருக்குக் கிடைப்பதை வேறெங்கும் வாங்க முடியாது. பால்காரர் மணிச் சத்தம், தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்து "என்னங்க, எப்படி இருக்கீங்க?" என்பது, இருட்டிலும் கால் தானாகக் கண்டுபிடிக்கும் வழி எல்லாம் அங்கேதான். நினைவு தப்பிக்கொண்டிருப்பவரைத் திடீரென இடம் மாற்றினால் குழப்பம் கூடுவதை இல்லத்தில் அடிக்கடி பார்க்கிறேன். சாயங்காலமானால் பதற்றம் அதிகமாகும். அங்கே ஒரு பாட்டி தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, "பால் கறக்கோணும், நேரமாச்சு" என்று வாசலுக்குப் போவார். முதலில் இருந்த அட்டெண்டர் கதவைப் பூட்டினார். பாட்டி அழுது கத்துவார். அடுத்து வந்த பெண் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவள். ஒரு போசிப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, "வாங்க ஆத்தா, போலாம்" என்று கூடவே நடந்துவிட்டு வருவாள். கால் மணி நேரத்தில் பாட்டி அடங்கிவிடுவார். இந்தப் பெண் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. இல்லங்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

இல்லம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடமாடுகிறவர்களை மட்டும் சேர்க்கும் இடங்கள் நிறைய. படுத்த படுக்கையானால் அழைத்துப் போகச் சொல்லிவிடுவார்கள். தோட்டம், கோயில், சாப்பாடு எல்லாம் பார்க்கிற பிள்ளைகள் இதை மட்டும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் கேட்டார். தனியாக வாழ்ந்தவர். 74 வயதில், நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே, மூன்று இல்லங்களுக்கு நேரில் போனார். ராத்திரி எத்தனை பேர் டியூட்டியில் இருப்பார்கள், நான் எழுந்திரிக்க முடியாமல் போனால் என்னை வைத்துக்கொள்வீர்களா, முன்பணம் திரும்ப வருமா என்று நோட்டில் எழுதி வைத்துக் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் நேராகப் பதில் வந்தது. அங்கே ஒரு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் சேர்ந்தார். தன் காபி ஃபில்டரை எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருடத்தில், தன் முடிவைத் தானே எடுத்து நான் பார்த்தவர்களில் அவர் ஒருவர். அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு.

இந்தத் தேர்வெல்லாம் பணம் இருப்பவர்களுக்கு என்பதையும் மறக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஏர் பெட் வாங்கவே அது போதாது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி அரசு அமைக்கலாம் என்று 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ஜீவனாம்சமும் கேட்கலாம். இதைச் சொன்னால் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "பையன் மேலயா? வேண்டாமுங்க" என்பார்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.

சிங்காநல்லூர் அம்மா ஒரு விடிகாலையில் கணவரைத் திருப்பும்போது முதுகு பிடித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். எழுந்திரிக்க முடியவில்லை. பெரியவர் கட்டிலில், இவர் தரையில். பால்காரர் வரும்வரை இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்களாம். அதற்குப் பிறகுதான் மகன் வந்து இருவரிடமும் உட்கார்ந்து பேசினார். பெரியவரே சொன்னார்: "என்னைய சேத்திரு. இவ செத்துப்போவா."

நான் வேலை பார்க்கும் இல்லத்துக்கே வந்தார். இரண்டு அட்டெண்டர்கள் நேரம் தவறாமல் திருப்பியதில் புண் நான்கு மாதத்தில் மூடியது. வந்த புதிதில் சரியாகச் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வருவார். டிரெஸ்ஸிங் இல்லை, துணி மாற்றுவது இல்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பரை வாசித்துக் காட்டுவார். ஒரு நாள் பெரியவர் என்னிடம், "எத்தன மாசமாச்சுங்க, இவ இப்படிச் சும்மா உக்காந்து" என்றார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, முடியாமல் போனால் எங்கே இருப்பது என்று என் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு 69. கேட்கவே பயமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அவரைக்காய் உரித்துக்கொண்டே இருந்தார். "நானா பாத்ரூம் போற வரைக்கும் இங்கதான். அதுக்கப்புறம் உன் வீட்டுக்குப் பக்கத்துல எங்கயாவது" என்றார். பிறகு நிமிர்ந்து, "உன் முதுகு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பாத்ரூம் சுவரில் இரண்டு இடத்தில் கைப்பிடிக் கம்பி போட வேண்டும்.