பால் கட்டா, அழற்சியா: கத்திரி மாதக் குறிப்புகள்

மே 4
கத்திரி தொடங்கியாச்சு. காய்ச்சல் வந்தால் "சூடு பிடிச்சிருக்கு, இளநீர் குடி" என்று தள்ளிப்போடுகிற மாசம். பால் கொடுக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மார்பைப் பார்க்கணும். பிரசவமான 3-5 நாளில் இரண்டு பக்கமும் கனத்து இறுகினால் பால் கட்டு. ஒரே பக்கம், ஓரிடத்தில் வலியும் இறுக்கமும், கூடவே 101 டிகிரி, குளிர் நடுக்கம் என்றால் மார்பு அழற்சி. சிவந்திருக்கும் என்பார்கள்; மாநிறத் தோலில் அது சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்து இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

மே 5
பெரியவர்கள் எண்ணெயோடு உருவ வருவார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, வேண்டாம். கையில் தட்டுப்படுவது பெரும்பாலும் உறைந்த பால் அல்ல, வீங்கிய திசு. அதுதான் பால் குழாய்களை வெளியிலிருந்து நெருக்குகிறது. அழுத்தி உருவினால் உள்ளே காயப்பட்டு வீக்கம் இன்னும் ஏறும். வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டலாம். ஐஸைத் துணியில் சுற்றி 10-15 நிமிடம் வையுங்கள் (காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்!). தடவுவதானால் பூனையைத் தடவுகிற அளவுக்கு, அக்குள் பக்கமாக.

மே 6
"கெட்ட பால்" என்று நிறுத்துவது ஒரு தப்பு. காலி பண்ணணும் என்று பம்ப் போட்டுக் கறந்துகொண்டே இருப்பது இன்னொரு தப்பு. எடுக்க எடுக்க ஊறும், வீக்கம் வடியாது. குழந்தை வழக்கமாகக் குடிக்கிற அளவே போதும். பால் கொஞ்சம் உப்புக் கரிப்பதால் முகம் சுளிக்கலாம், கெடுதல் இல்லை. இறுகிப்போய்க் கவ்வ முடியாவிட்டால், காம்பின் அடியில் ஐந்து விரல் நுனிகளையும் வட்டமாக வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காம்பைச் சுற்றி மெத்தென்று ஆனதும் உடனே கவ்வக் கொடுங்கள்.

மே 8
இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒன்று: வலியோடு வீக்கமும் குறையும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் அது வேண்டாம், பாராசிட்டமால். இரண்டும் பால் கொடுக்கும்போது எடுக்கலாம். 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், இல்லையென்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரை, கிளாக்சசிலினோ செஃபலெக்சினோ, எழுதினால் பெரும்பாலும் 10-14 நாள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தினால் திரும்ப வரலாம்.

மே 11
மாத்திரை தொடங்கி 48 மணி நேரமாகியும் கட்டி கரையாமல், அழுத்தினால் உள்ளே தளும்பினால் சீழ். ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சுவார்கள். பல நேரம் கத்தி தேவைப்படாது. ஊசி குத்திய இடம் குழந்தை வாயில் படாத வரை அந்தப் பக்கமும் கொடுக்கலாம்.