ஐம்பதுக்கு ஒன்று: விகிதக் கணக்கில் நான் சறுக்கிய இடங்கள்

தரம் 10 இரண்டாம் தவணைப் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி. 20 லீற்றர் மண்ணெண்ணெயில் 400 மில்லிலீற்றர் ஒயில் கலக்கப்படுகிறது. ஒயிலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடையிலான விகிதம் என்ன? நான் 400 : 20 என்று எழுதி, சுருக்கி, 20 : 1 என்று அடிக்கோடும் போட்டுவிட்டு வந்தேன். உப்புவெளியில் வள்ளம் வைத்திருக்கும் மாமா விடையைக் கேட்டதும் சிரித்தார். "ஒரு கான் மண்ணெண்ணெய்க்கு இருபது கான் ஒயிலா, மருமகன்? இஞ்சின் ஸ்ரார்ட்டே எடுக்காது."

அவருக்கு அது 'ஐம்பதுக்கு ஒன்று'. 20 லீற்றர் என்பது 20,000 மில்லிலீற்றர், ஆகவே 400 : 20,000, அதாவது 1 : 50. அலகை ஒன்றாக்காமல் விகிதம் எழுதக்கூடாது என்று ஆசிரியர் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். இஞ்சினைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதே கலவையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒயில் மொத்தக் கலவையில் எத்தனை பங்கு? வகுப்பில் பாதிப் பேர் 1/50 என்போம். ஒயில் 1, மண்ணெண்ணெய் 50, மொத்தம் 51 பங்கு; விடை 1/51. பகுதியைப் பகுதியோடு ஒப்பிடுகிறோமா, முழுமையோடு ஒப்பிடுகிறோமா என்று கேள்வியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பணம் பங்கிடும் கணக்கிலும் இதுதான். எண்ணெய்ச் செலவு போக மிஞ்சிய 18,000 ரூபாயை வள்ளத்துக்கும் இரண்டு ஆட்களுக்கும் 3 : 1 : 1 என்று பிரித்தால் ஒரு பங்கு 18,000 ÷ 5 = 3,600. வள்ளத்துக்கு 10,800. நான் முதலில் மூன்றால் வகுத்தேன், மூன்று பேருக்குத்தானே என்று!

அலகு வீதம் எனக்கு ஓரளவு சுலபமாகவே வந்தது, கடைக்குப் போய்ப் பழகியதால். நெத்தலிக் கருவாடு 250 கிராம் 380 ரூபாய், 400 கிராம் 600 ரூபாய் என்றால் எது மலிவு? ஒரு கிராமுக்கு வகுத்துத் தசமத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. 100 கிராமுக்குப் பாருங்கள்: 152, 150. பெரிய பைக்கற் கொஞ்சம் மலிவு. விடையின் பக்கத்தில் 'ரூபாய் / 100 கிராம்' என்று எழுதிவிடுங்கள். எதை எதால் வகுத்தோம் என்ற குழப்பம் அதோடு தீரும்.

குறுக்குப் பெருக்கலைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. வேகமானதுதான், ஆனால் யோசிக்க விடாது. 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 4 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்ற கேள்விக்கும் நான் 6/10 = 4/x என்று வைத்து, குறுக்கே பெருக்கி 6⅔ நாள் என்று எழுதியவன். ஆள் குறைந்தால் வேலை சீக்கிரம் முடியுமா? வேலை 60 மனித நாட்கள். நாலால் வகுத்தால் 15 நாள். கணக்கைத் தொடும் முன் 'கூடுமா, குறையுமா' என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுப் பழகினேன். அதற்குப் பிறகு நேர்மாறு விகிதசமனில், அதாவது ஒன்று குறைய மற்றது அதே மடங்கில் கூடும் கணக்குகளில், புள்ளி போகவில்லை.

கடைசியாக, எல்லாமே விகிதசமன் இல்லை. முச்சக்கர வண்டியில் முதல் கிலோமீற்றருக்கு 120 ரூபாய், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 100 என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோமீற்றருக்கு 120, இரண்டுக்கு 220. தூரம் இரட்டித்தது, காசு இரட்டிக்கவில்லை. 240 அல்லவா வந்திருக்க வேண்டும்? நேர் விகிதசமன் என்றால் y = kx; வரைபு உற்பத்தியினூடாக, அதாவது (0, 0) புள்ளியினூடாகப் போகும், அதன் படித்திறன் (கோட்டின் சாய்வு) k தான் நாம் கடையில் பார்த்த அலகு வீதம். வண்டிக் கூலியின் புள்ளிகளும் நேர்கோட்டில்தான் விழும், ஆனால் சமன்பாடு y = 100x + 20 (x கிலோமீற்றர், y ரூபாய்). கோட்டைப் பின்னால் நீட்டினால் y அச்சை 20 இல் வெட்டும். அந்த 20 தான் வெட்டுத்துண்டு.